இண்டெக்ஸ்: சுட்டியா, அட்டவணையா, அடைவா?

பல ஆண்டு மின்னஞ்சலைச் சொந்தக் கணினியிலேயே இறக்கி வைத்திருக்கிறேன். அதில் எதையாவது தேட முதலில் நம்பியிருந்தது கிரெப் என்ற கட்டளையைத்தான். டெர்மினலில் ஒரு சொல்லைக் கொடுத்தால் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்து, அந்தச் சொல் வரும் வரிகளைக் காட்டும். மெதுவாக இருந்தாலும் ஆங்கில மடல்களில் வேலை நடந்தது. ஒருநாள் ‘கூட்டம்’ என்று தமிழில் தேடினேன். ஒன்றுமே வரவில்லை. அந்தச் சொல் இருக்கும் மடலைப் பக்கத்துச் சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு தேடியும் வரவில்லை.

காரணம் மடலின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் எழுதிய மடல் பெரும்பாலும் பேஸ்64 அல்லது கோட்டட் பிரிண்டபிள் என்ற குறியாக்கத்தில், வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளுமாக மாறித்தான் பயணம் செய்கிறது. வட்டிலும் அப்படியே கிடக்கிறது. மடல் படிக்கும் மென்பொருள் திறக்கும்போது அதைப் பிரித்துத் தமிழாக்கிக் காட்டும். கிரெப்புக்கு அந்த வேலை தெரியாது. ஆகவே கண்முன் இருக்கும் ‘கூட்டம்’ கோப்புக்குள் இல்லவே இல்லை.

இதற்குத் தீர்வு ‘இண்டெக்ஸ்’ செய்வது, அதாவது மடல்களை முன்கூட்டியே பிரித்துப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பது. நாட்மச், மு, மெய்ரிக்ஸ் போன்ற கட்டளைவரிக் கருவிகள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. சரி, இண்டெக்ஸுக்குத் தமிழ் என்ன? என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதப் போய் அங்கேயே நின்றுவிட்டேன்.

இண்டெக்ஸ் இலத்தீன் சொல். சுட்டிக் காட்டுபவர், காட்டிக் கொடுப்பவர், அடையாளம் என்றெல்லாம் பொருள். சுட்டுவிரலுக்கும் அதுவே பெயர். பழைய ரோமில் ஏட்டுச் சுருள்களை அடுக்கி வைக்கும்போது, உள்ளே இருப்பது என்ன நூல் என்று தெரிய ஒரு மென்தோல் துண்டில் தலைப்பை எழுதி வெளியே தொங்கும்படி ஒட்டுவார்கள். அந்தத் துண்டும் இண்டெக்ஸ்தான். சுருளைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை அது சுட்டியது. பிறகு நூலின் கடைசியில் அகர வரிசையில் சொல்லும் பக்க எண்ணும் கொடுக்கும் பட்டியலுக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

இந்த வேரைப் பார்த்தால் ‘சுட்டி’ என்று மொழிபெயர்க்கத்தான் கை போகும். சுட்டுவிரல், சுட்டெழுத்து, சுட்டிக்காட்டு என்று தமிழிலும் அதே எண்ணம் இருக்கிறது. வேர்ப்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் கணினித் தமிழில் சுட்டி ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறது. மவுஸும் சுட்டி, இணைய முகவரியும் சுட்டி, நிரலாக்கத்தில் பாயின்டரும் சுட்டி. ‘மடல்களுக்குச் சுட்டி உருவாக்கு’ என்று எழுதினால் ஒவ்வொரு மடலுக்கும் ஒரு இணைப்பு முகவரி செய்யச் சொல்வதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

அட்டவணையும் சரிப்படாது. அதைக் கேட்டதும் கட்டம் கட்டமாக, நிரையும் நிரலும் உள்ள ஒன்றுதான் மனதில் வரும். டேபிளுக்கு அதுவே சொல்லாக இருக்கட்டும். குறியீட்டெண் என்பது விலைவாசி ஏற்றத்தைச் சொல்லும் இண்டெக்ஸுக்கு உரியது, இங்கே பேச்சே இல்லை.

சொல்லை வேரிலிருந்து பெயர்ப்பதைவிட, அந்தப் பொருள் செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். இந்த இண்டெக்ஸ் என்ன செய்கிறது?

நாட்மச்சை எடுத்துக்கொள்வோம். கார்ல் வொர்த் 2009இல் தொடங்கியது. மடல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்க வேண்டும். மெயில்டிர் என்ற முறையில் அப்படித்தான் இருக்கும், ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. எல்லா மடலையும் ஒரே கோப்பில் வரிசையாகக் கோக்கும் பழைய எம்பாக்ஸ் முறை இதற்கு உதவாது. ‘நாட்மச் நியூ’ என்று கட்டளை கொடுத்தால் அது ஒவ்வொரு மடலையும் திறந்து, குறியாக்கத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். அப்புறம் தலைகீழாக எழுதி வைக்கும்: இந்த மடலில் இன்னின்ன சொற்கள் என்று இல்லாமல், இந்தச் சொல் இன்னின்ன மடல்களில் என்று. ‘கூட்டம்’ என்ற சொல்லுக்கு எதிரே அது வரும் மடல்களின் எண்கள் வரிசையாக நிற்கும். இந்த வேலையை அடியில் இருந்து செய்வது சாப்பியன் என்ற நிரலகம் (பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). மு என்ற கருவியும் அதையே பயன்படுத்துகிறது.

முதல் முறை இது நேரம் பிடிக்கும். பிறகு புதிதாக வந்த மடல்களை மட்டும் சேர்த்தால் போதும். தேடும்போது எந்த மடலையும் திறந்து படிக்க வேண்டியதில்லை, எழுதி வைத்த வரிசையைப் பார்த்தாலே போதும். விடை நொடியில் வருவது அதனால்தான். ஆனால் எழுதி வைக்காததைத் தேட முடியாது. இணைப்பாக வந்த பி.டி.எஃப்பின் பெயரை நாட்மச் சேர்த்துக்கொள்ளும், அதற்குள் இருக்கும் எழுத்தைச் சேர்ப்பதில்லை.

இப்படிச் சொல்லை முன்னே வைத்து, அது வரும் இடங்களை எதிரே அடுக்குவதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது: சொல்லடைவு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் நூற் சொல்லடைவை வெளியிட்டது. சங்க நூல்களில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அதன் பிரெஞ்சுத் தலைப்பில் இருக்கும் சொல் ‘இண்டெக்ஸ்’. மடல் தேடும் மென்பொருள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அதே பொருளில், அதே வேலைக்கு, இண்டெக்ஸும் அடைவும் ஒரே அட்டையில் எதிரெதிரே நின்றிருக்கின்றன. இதைப் பார்த்ததும் எனக்கு வேறு சொல் தேடத் தோன்றவில்லை.

அடைவு, ‘அடை’ என்ற வினையிலிருந்து வருவது. போய்ச் சேர்தல் ஒரு பொருள், முறை அல்லது ஒழுங்கு இன்னொரு பொருள். ‘அடைவே’ என்றால் முறையாக, வரிசையாக. ஒழுங்காக அடுக்கி வைத்து, தேவையான இடத்தைச் சென்று சேர வழி செய்வதுதானே இந்த வேலை! சுட்டுவிரல் இதில் இல்லை என்பது ஒரு இழப்புதான். ஆனாலும் இரண்டு பொருளும் வேலையோடு ஒட்டி நிற்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் தமிழாக்கத்தில் டைரக்டரிக்கு அடைவு என்று சிலர் எழுதிவிட்டார்கள். ‘அடைவுக்குள் அடைவு’ என்று வந்தால் குழப்பம்தான். டைரக்டரிக்குக் கோப்புறை என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. அதை அங்கே வைத்துக்கொண்டு, அடைவை அதன் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம். குழப்பம் வரும் இடத்தில் சொல்லடைவு என்று முழுதாக எழுதினால் போயிற்று. வினையாக, ‘மடல்களுக்கு அடைவு செய்’ என்பதே போதும். அடைவாக்கம் என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

அடைவு என்று நினைத்துக்கொண்டால் தமிழில் தேடும் முறையும் பிடிபடும். நாட்மச் ஆங்கிலச் சொற்களின் விகுதியை நீக்கி அடிவடிவத்தையும் சேர்த்து வைக்கும். தமிழுக்கு அதைச் செய்வதில்லை. மனிதர் அடைவு செய்தால் வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் கொண்டுவரலாம். இங்கே அவை மூன்று தனித் தலைச்சொற்கள். அதனால் சொல்லின் தொடக்கத்தைக் கொடுத்து, பின்னால் உடுக்குறி (*) போட்டுத் தேட வேண்டும். ‘கூட்ட’ என்று போட்டு உடுக்குறி வைத்தால் கூட்டம், கூட்டத்தில், கூட்டத்துக்கு எல்லாம் வந்துவிடும். ‘வீட’ என்று போட்டாலும் வீடு, வீட்டில் இரண்டும் வரும், ஏனென்றால் யூனிகோடில் உகரக் குறியும் புள்ளியும் டகரத்துக்குப் பின்னால் தனியாகச் சேர்பவை. ஆனால் வீடியோவும் சேர்ந்தே வரும். புள்ளியோடு ‘வீட்’ என்று கொடுத்தால் வீட்டில், வீட்டுக்கு வரும், வீடு விடுபடும். ‘வீட்’, ‘வீடு’ இரண்டுக்கும் உடுக்குறி போட்டு, நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (OR) சேர்த்துக் கொடுங்கள். வீடு தொடர்பான மடல்கள் வந்து சேரும், வீடியோ வராது.