கலைஞரின் ‘பிராக்டிஸ்’ பயிற்சி அல்ல

“எனது கலைப் பயிற்சி நினைவுகளை மையமாகக் கொண்டது.” ஓவியர்கள், சிற்பிகள், ஓர் இடத்தையே பொருள்களால் அமைத்துக் கலையாக்கும் நிறுவல் கலை (இன்ஸ்டலேஷன்) செய்பவர்கள் தங்கள் வேலையைப் பற்றி மனம்விட்டுப் பேசும் காணொளிகளுக்குத் தமிழில் துணைவரி எழுதுகிறவர்கள் இந்த வாக்கியத்தை ஓயாமல் எழுதுகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கல்லோடும் உளியோடும் கழித்த ஒரு மூத்த சிற்பி பேசினாலும் அவர் வாயில் ‘என் பயிற்சி’ என்றே வருகிறது. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? இவர் இன்னும் எங்கோ வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றும். அவர் ஆங்கிலத்தில் சொன்னது ‘மை பிராக்டிஸ்’. அந்தச் சொல்லுக்கு இங்கே பயிற்சி என்ற பொருளே கிடையாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘செய்’ என்று பொருள்படும் வினையிலிருந்து ‘பிராக்டிகோஸ்’ என்ற சொல் பிறந்தது. செயல் சார்ந்தது என்று பொருள். அது லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போனது. வேரில் கற்றல் இல்லை, செய்தல்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்து கைப்பழக்கம் பெறுதல் என்பது ஆங்கிலத்தில் அதன் ஒரு கிளை. மருத்துவரும் வக்கீலும் செய்யும் பிராக்டிஸ் இன்னொரு கிளை. இந்த இரண்டாவது கிளை நமக்கு நன்றாகவே தெரியும். “டாக்டர் எங்கே பிராக்டிஸ் பண்ணுகிறார்?” என்று கேட்டால், எங்கே பயிற்சி எடுக்கிறார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. எங்கே வைத்தியம் பார்க்கிறார் என்று சரியாகவே புரிந்துகொள்கிறோம். கலைஞர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கிளையை.

ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் யோசிப்பதில்லை. ஓவியர் படம் வரைந்தார், சிற்பி சிலை செய்தார் என்ற காலத்தில் இந்தச் சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை. முடிந்த பொருளைக் காட்டி ‘என் படைப்பு’ என்றால் போதும். 1960களுக்குப் பிறகு நிலைமை மாறியது. போலந்து ஓவியர் ரோமன் ஒபால்கா 1965இல் ஓர் ஓவியத் திரையின் (கேன்வாஸின்) இடதுபக்க மேல் மூலையில் 1 என்று எழுதினார். அடுத்து 2, 3, 4. திரை நிறைந்ததும் அடுத்த திரையில் விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தார். 1972 முதல் ஒவ்வொரு புதிய திரையின் பின்னணியிலும் ஒரு சதவீதம் வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனார். வெள்ளை எண்கள் வெள்ளைப் பரப்பில் மெல்லக் கரைந்தன. எழுதும் எண்ணை வாய்விட்டுச் சொல்லி ஒலிப்பதிவு செய்தார், அன்றன்றைய வேலை முடிந்ததும் தன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டார். 2011இல் இறக்கும்போது 56,07,249 வரை வந்திருந்தார். இதில் எது படைப்பு? ஒரு திரையைத் தனியாகப் பிரித்து ‘இதுதான்’ என்று சொல்ல முடியாது. எண்ணுவது, எழுதுவது, சொல்வது, முகத்தைப் பதிவு செய்வது, நாற்பது ஆண்டுக்கு மேல் விடாமல் இதையே செய்வது என எல்லாம் சேர்ந்ததுதான் ஒபால்காவின் பிராக்டிஸ். ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஓன் கவாரா 1966 ஜனவரி 4 அன்று தொடங்கிய தேதி ஓவியங்களும் அப்படியே. அன்றைய தேதியை மட்டும் தீட்டுவார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அந்த ஓவியத்தை அழித்துவிடுவார். இவர்களைப் போய்ப் ‘பயிற்சி’ செய்தார்கள் என்று எழுதலாமா?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னையில் வேலை செய்யும் பெனித்தா பெர்சியாலை எடுத்துக்கொள்வோம். சாம்பிராணி, பட்டை, கிராம்பு போன்ற மணப்பொருள்களைக் கலந்து உருவங்கள் செய்கிறவர். பழைய மரத்துண்டுகளையும் விதைகளையும் தேடிச் சேர்த்து அவற்றோடு வேலை செய்கிறவர். அவருடைய பிராக்டிஸ் என்றால் பொருளைத் தேடுவதும், முகர்ந்து பார்ப்பதும், காலப்போக்கில் அது மாறுவதைக் கவனிப்பதும் சேர்த்தித்தான்.

பயிற்சி என்ற சொல்லுக்கு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘பயில்’ என்ற வினை பழந்தமிழில் கற்றலோடு நின்றதல்ல. “நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு” என்ற குறளில் பயிலுதல் என்பது பழகுதல். நெருங்கியிருத்தல், அடிக்கடி நிகழ்தல், தங்குதல் என்றெல்லாம் அதற்குப் பொருள் இருந்தது. அதனால் ‘பயில்வு’ என்று சொன்னால் கலைஞர் தன் பொருளோடு நெடுநாள் பழகுவதைக் குறிக்குமே என்கிறார்கள். அழகான வாதம். ஆனால் இன்று ‘பரதம் பயில்கிறார்’ என்று படித்தால் ஆசிரியரிடம் கற்கும் மாணவிதான் கண்ணுக்குத் தெரிகிறார். பயிலரங்கு, பயிற்சி முகாம், பயிற்சி மருத்துவர் என எல்லாம் ஒரே திசையில் இழுக்கின்றன. அகராதியில் உறங்கும் பொருளை நம்பி இன்றைய வாசகரைக் குழப்ப நமக்கு உரிமை இல்லை.

கை பழகும் பயிற்சிக்குத் தமிழில் சொற்பஞ்சமும் கிடையாது. பாடகர் விடிகாலையில் எழுந்து செய்வது சாதகம். “சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்” என்ற ஔவை வாக்கு எல்லோருக்கும் தெரியும். ஆக, ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவைத்திருக்கும் இரண்டு பொருளைத் தமிழ் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. பிரித்ததை மறுபடி ஒட்டிவிடுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

சரி, பயிற்சியை விடுவோம். அதைவிட எனக்கு அதிகமாக எரிச்சல் மூட்டுவது, இப்போது படித்தவர்கள் நடுவில் செல்வாக்குப் பெற்றுவரும் ‘படைப்பு நடைமுறை’. ‘கலை நடைமுறை’ என்றும் எழுதுகிறார்கள். பயிற்சி என்று எழுதுகிறவர் அவசரத்தில் எழுதுகிறார். நடைமுறை என்று எழுதுகிறவர் யோசித்துத் தவறு செய்கிறார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். இடதுசாரி எழுத்தில் ‘கோட்பாடும் நடைமுறையும்’ என்ற இணை நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. கோட்பாட்டுக்கு எதிர்நிலையில் நிற்கும்போது நடைமுறை மிகப் பொருத்தமான சொல். அங்கே அதை மாற்றவே கூடாது. ஆனால் ஓவியர் ‘மை பிராக்டிஸ்’ என்று சொல்லும்போது கோட்பாட்டுக்கு எதிராக எதையும் நிறுத்தவில்லை. அவருடைய கோட்பாடும் வாசிப்பும் சந்தேகமும்கூட அந்தப் பிராக்டிஸுக்குள்தான் இருக்கின்றன.

அப்புறம், நடைமுறை என்ற சொல்லைச் சாதாரண மனிதர் எங்கே கேட்கிறார்? விண்ணப்பிக்கும் நடைமுறை, தேர்தல் நடைமுறை, புதிய கட்டணம் நடைமுறைக்கு வருகிறது, அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. எல்லாமே யாரோ முன்கூட்டி வகுத்த முறை; நாம் வரிசையில் நின்று பின்பற்ற வேண்டியது. ‘முறை’ என்ற பின்பாதியே அதைச் சொல்கிறது. கலைஞர் செய்வதில் முறை உண்டுதான், கவாராவின் நள்ளிரவு விதி போல. ஆனால் அது அவரே தனக்கு இட்டுக்கொண்டது. அதை மீறுவதும் மாற்றுவதும் அவர் வேலையில் அடக்கம். ‘அவரது கலை நடைமுறை 1998இல் தொடங்கியது’ என்று ஒரு கண்காட்சிக் குறிப்பில் எழுதினால், அந்த ஆண்டில் ஏதோ அரசாணை வந்தது போல ஒலிக்கிறது. இதைச் சொன்னால், ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று பதில் வருகிறது. அந்தச் சொல் ஏற்கெனவே பழகித்தான் இருக்கிறது, வேறு பொருளில். புழக்கத்தில் இல்லாத புதுச்சொல் வேண்டுமானால் பழகிப் பொருள் பெறலாம். பொருள் நிறைந்த சொல்லின் மேல் இன்னொரு பொருளை ஏற்றினால் பழைய பொருள்தான் முதலில் காதில் விழும்.

‘கலைச் செயற்பாடு’ இவற்றைவிட எவ்வளவோ மேல். கலை பற்றித் தமிழில் எழுதுவதில் ஈழத்தவர்கள் நம்மைவிடக் கவனமானவர்கள். காண்பியக் கலை (விஷுவல் ஆர்ட்), ஆற்றுகை (பெர்ஃபார்மன்ஸ்) போன்ற சொற்களை அவர்கள் தயங்காமல் புழங்குகிறார்கள். செயற்பாடு என்பதிலும் ‘செய்’ இருப்பதால் கிரேக்க வேருக்கு நெருக்கம். எனக்குத் தயக்கம் ஒன்றுதான். ‘செயற்பாட்டாளர்’ என்ற சொல்லைப் போராட்டக் களத்தில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். கலைச் செயற்பாட்டாளர் என்று எழுதினால், கலையை வைத்துச் சமூகப் போராட்டம் நடத்துகிறவர் என்று படிப்பார்கள். தன் அறையில் உட்கார்ந்து எண்களை எழுதிய ஒபால்காவுக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டில் பாடப்புத்தகத்தைத் திறந்தால் ‘செயல்பாடு 1, செயல்பாடு 2’ என்று வேறு இருக்கிறது. ஆனாலும் இலங்கை வாசகருக்காக எழுதுகிறவர் இதைப் பயன்படுத்தினால் குறை சொல்ல மாட்டேன்.

நான் முன்வைப்பது தொழில். முதலில் கேட்டவுடன் பலர் முகம் சுளிக்கிறார்கள். கலையைத் தொழில் ஆக்குவதா, வியாபாரமா என்கிறார்கள். தொழில் என்றால் கம்பெனி, முதலீடு, ஜவுளி என்று சுருங்கிப்போனது அண்மைக் காலத்தில். சொல்லின் அடிப்பொருள் செயல். வினையின் பெயரைத் தொழிற்பெயர் என்றுதான் பள்ளியில் படித்தோம். அதில் எந்த வியாபாரமும் இல்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தும் சைவத்தில் ஐந்தொழில். பாரதி “நமக்குத் தொழில் கவிதை” என்று பாடியபோது கவிதை விற்றுப் பிழைப்பதையா சொன்னார்? அதே மூச்சில் “இமைப்பொழுதும் சோராதிருத்தல்” என்றும் சேர்த்துக்கொண்டார். நாள் தவறாமல் செய்வது, அதுவே ஆளின் அடையாளமாக இருப்பது, அதற்குத் தானே பொறுப்பேற்பது ஆகிய மூன்றும் அந்த வரியில் இருக்கின்றன. இன்றைய கலைஞர் பிராக்டிஸ் என்பதும் இந்த மூன்றைத்தான்.

பிழைப்பின் சாயல் அதில் இருந்தால்தான் என்ன? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, அங்கே வந்தவர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று அந்த வருமானத்தில்தான் ஓவியத்தையும் சிற்பத்தையும் தொடர்ந்தார்கள். ‘படைப்பு’ என்று சொன்னால் அந்தப் பாத்திக் துணி வெளியே போய்விடுகிறது. ‘தொழில்’ என்றால் உள்ளே இருக்கிறது. மெழுகு தோய்த்த கையும் தூரிகை பிடித்த கையும் ஒரே கைதான். ஒரு கலைஞர் நண்பர்களோடு உட்கார்ந்து தன் பிராக்டிஸ் பற்றிப் பேசும்போது, கேன்வாஸ் விலை, வாடகை, பகலில் பார்க்கும் ஆசிரியர் வேலை, இரவில் வரும் யோசனை என எல்லாவற்றையும் கலந்துதான் பேசுகிறார். மேடைப்பேச்சில் இதெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதுதான் முழுதாக வரும்.

எல்லா இடத்திலும் தொழில் என்றே போட வேண்டும் என்பதும் இல்லை. ஆங்கிலம் பெயர்ச்சொல்லில் சொல்வதைத் தமிழ் பெரும்பாலும் வினையில் சொல்லும். ‘என் பிராக்டிஸ் நினைவைப் பற்றியது’ என்பதை ‘நினைவை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன்’ என்று எழுதலாம். ‘அவருடைய பிராக்டிஸ் எப்படி மாறியது?’ என்ற கேள்வி ‘அவர் வேலை செய்யும் விதம் எப்படி மாறியது?’ ஆகலாம். ‘ஸ்டுடியோ பிராக்டிஸ்’ என்பதைப் பட்டறை வேலை என்றால் முடிந்தது. ‘வேலை’ எளிய சொல் என்று ஒதுக்க வேண்டாம். நகையிலும் கல்தூணிலும் நுணுக்கத்தைப் பாராட்டும்போது ‘என்ன வேலைப்பாடு’ என்கிறோம். வாழ்நாள் முழுவதையும் ஒரே பெயரில் சுட்ட வேண்டிய இடத்தில் மட்டும் தொழில் அல்லது கலைத்தொழில் வரட்டும்.

இவ்வளவு எழுதக் காரணம் ஒரு சொல் மட்டும் அல்ல. இந்தத் துறையில் மொழிபெயர்ப்பு நடக்கும் விதமே கோளாறாக இருக்கிறது. ஒரு தமிழ்க் கலைஞர் தமிழில் பேசுகிறார். அதை ஆங்கிலத்தில் சுருக்கிக் கையேட்டில் அச்சிடுகிறார்கள். பிறகு அந்த ஆங்கிலத்தை வேறொருவர் தமிழாக்கிக் கண்காட்சிச் சுவரில் ஒட்டுகிறார். “இதைப் பார்த்தால் எனக்கு என்னென்னவோ கேள்வி வருது” என்று அவர் சொல்லியிருப்பார். சுவரில் ‘இவரது கலைப் பயிற்சி அதிகார வெளிகளை விசாரணைக்கு உட்படுத்துகிறது’ என்று நிற்கும். பேசியவரே படித்தாலும் தன் பேச்சென்று அடையாளம் காண முடியாது. அசல் ஒலிப்பதிவு கையில் இருக்கும்போது அதைக் கேட்டு எழுதுவதற்கு என்ன தடை? சுவர்க்குறிப்பின் ஆங்கிலப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி பிசகினால் மறு அச்சு எடுக்கிறவர்கள், தமிழ்ப் பக்கத்தை ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில்லை. தமிழ்க் குறிப்பை யாரும் படிப்பதில்லை என்று பிறகு அவர்களே சொல்கிறார்கள். படிக்கும்படி எழுதினால் படிப்பார்கள்.

‘பிராக்டிஷனர்’ என்ற சொல்லும் இதே வழியில் ‘கலைப் பயிற்சியாளர்’ ஆகிவிட்டது. தமிழில் பயிற்சியாளர் என்றால் பிறருக்குப் பயிற்சி தருகிறவர். கிரிக்கெட் அணிக்கு ஒருவர் இருப்பார். ஓவியரை ஓவியர் என்றும் சிற்பியைச் சிற்பி என்றும் எழுதலாம். வீடியோவும் ஒலியும் நிறுவலும் கலந்து வேலை செய்கிறவரைக் காண்பியக் கலைஞர் என்று எழுதலாம்.