இசியு வாங்கும் முன் என்ஜினைக் கணக்கெடுங்கள்

அந்த ஸ்பார்க் பிளக்கை இன்னும் என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் டர்போ என்ஜின் ஒன்றின் மூன்றாவது சிலிண்டரிலிருந்து கழற்றியது. வெள்ளைப் பீங்கானின் மேல் கரித்தூள் தூவியது போலப் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நடுநடுவே பளபளவென்று மிகச் சின்ன உருண்டைகள் தெரியும். அது அலுமினியம். பிஸ்டனின் தலையிலிருந்து உருகித் தெறித்து, பிளக்கில் போய் ஒட்டிக்கொண்டது. ஹெட்டைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் விளிம்பு ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது.

வண்டிக்காரர் செலவுக்குக் கை சுருக்குகிறவர் இல்லை. நல்ல டர்போ, நல்ல இன்டர்கூலர், பெட்ரோலைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர்கள் எல்லாம் போட்டிருந்தார். பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் என்ஜின் கணினியான இசியு (ECU) மட்டும் கம்பெனியில் வந்ததே இருந்தது. அதற்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு பிக்கிபேக் பெட்டி. அடி விழுந்தது அங்கேதான்.

பெரிய இன்ஜெக்டர் போட்டால், கம்பெனி இசியு வழக்கமாகத் திறக்கும் அதே நேரத்துக்குள் பெட்ரோல் கூடுதலாகப் போகும். அதைக் குறைக்க, உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் சிக்னலை அந்தப் பெட்டி குறைத்துக் காட்டியது. பெட்ரோல் அளவு சரிக்குச் சரி வந்துவிட்டது. ஆனால் கம்பெனி இசியு அந்த சிக்னலைப் பெட்ரோலுக்கு மட்டும் பார்ப்பதில்லை, ஸ்பார்க் டைமிங்கையும் அதை வைத்தே முடிவு செய்கிறது. காற்று குறைவாக வந்தால் லோடு குறைவு, லோடு குறைவாக இருந்தால் ஸ்பார்க்கை இன்னும் முன்னால் கொடுக்கலாம் என்பது அதன் கணக்கு. சிலிண்டருக்குள் முழு பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, இருக்கிறது. கிடைக்கிற டைமிங்கோ பாதி லோடுக்கு உரியது. நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது, வராமல் எப்படி இருக்கும்?

பிக்கிபேக் எல்லாமே தவறு என்று சொல்லவில்லை. சின்ன மாற்றங்களுக்கு, என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர் கையில், அது வேலை செய்யும். ஆனால் அது இசியுவை ஏமாற்றும் ஏற்பாடு என்பதை மறக்கக் கூடாது. போதாததற்கு, கம்பெனி இசியு நிதானமான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் இன்று செய்த திருத்தத்தை அது கொஞ்ச நாளில் மெல்ல மெல்லத் திருப்பிவிடலாம்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த இசியு பிராண்டு என்றுதான்: ஹால்டெக் வாங்கலாமா, லிங்க் வாங்கலாமா, மெகாஸ்குவர்ட் போதுமா? நான் ஒரு காகிதத்தைக் கொடுத்து என்ஜினில் என்னென்ன இருக்கிறது என்று எழுதச் சொல்வேன். இன்ஜெக்டர் எத்தனை, என்ன வகை, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் எத்தனை, கிராங்க் சக்கரத்தில் எத்தனை பல், வால்வைத் திறக்கும் கேமின் டைமிங் மாறுகிற என்ஜினா, காற்றை உள்ளே விடும் திராட்டில் கேபிளா, மின்சாரமா, எவ்வளவு பூஸ்ட். எழுதி முடிக்கும்போது பாதி இசியுக்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது, வேறு இசியு தேவையா என்பதே. இன்டேக், எக்ஸாஸ்ட், மிதமான பூஸ்ட் இவ்வளவுதான் மாற்றம் என்றால், கம்பெனி இசியுவையே ரீமேப் செய்வது, அதாவது அதற்குள் இருக்கும் பெட்ரோல், ஸ்பார்க் அட்டவணைகளை (மேப்) மாற்றி எழுதுவது, பல வண்டிகளில் சிறந்த வழி. குளிர் ஸ்டார்ட், ஏசி போட்டதும் ஐடில் ஏறுவது, கியர்பாக்ஸோடு பேசுவது என்று அதற்குள் பல வருட உழைப்பு இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் மேப்பிலிருந்து ஆரம்பிப்பது பெரிய வேலை. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் புது என்ஜின்களுக்கு இது இன்னும் பொருந்தும். அந்த இன்ஜெக்டர்களைத் திறக்க 12 வோல்ட் போதாது. இசியுவே மின்னழுத்தத்தை 65 வோல்ட் அளவுக்கு உயர்த்தித் தர வேண்டும். அதற்கான டிரைவர் சர்க்யூட் எல்லாப் பெட்டியிலும் இருக்காது.

சரி, கம்பெனி இசியுவுக்குப் பதிலாகத் தனியே என்ஜினை ஓட்டும் ஸ்டாண்டலோன் இசியுதான் என்று முடிவானால், கிராங்க் சக்கரத்தில் ஆரம்பியுங்கள். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றை 10 மில்லிசெகண்டில் முடிக்கிறது. ஒரு டிகிரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 28 மைக்ரோசெகண்ட். அந்த வேகத்தில் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்வது அந்தப் பற்கள் மட்டுமே. 60 பல்லில் இரண்டை விட்ட சக்கரம், 36 பல்லில் ஒன்றை விட்ட சக்கரம் என்றால் ஏறக்குறைய எல்லா இசியுவும் படிக்கும். சில பழைய நிஸான் என்ஜின்களில் கேம் முனையில் 360 துளை உள்ள தட்டும் ஒளி சென்சாரும் இருக்கும். இன்னும் சில என்ஜின்களில் பற்கள் ஒழுங்கற்ற வரிசையில் வரும். உங்கள் என்ஜினின் வடிவத்தை அந்த இசியு படிக்கும் என்று அதன் கையேட்டிலேயே அச்சில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரரின் வாய்வார்த்தை போதாது.

அடுத்தது இன்ஜெக்டர். 300 குதிரைத்திறன், நான்கு சிலிண்டர், டர்போ பெட்ரோல் என்ஜின் என்று வையுங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் என்று போட்டால் மொத்தம் 81 கிலோ. நான்கால் வகுத்து, இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற இடைவெளியையும் விட்டால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 550 சிசி வரை தர வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைப் பலரும் போடுகிறார்கள். பெரும்பாலோர் விடுவது இன்ஜெக்டரின் மின்தடையை. 12 ஓம், அதற்கு மேல் இருந்தால் சாதாரண டிரைவரே போதும். 2, 3 ஓம் வகை என்றால் முதலில் அதிக மின்சாரம் கொடுத்துத் திறந்து, பிறகு குறைத்துப் பிடித்து வைக்கும் டிரைவர் வேண்டும். இல்லாவிட்டால் தனியாக ரெசிஸ்டர் போட வேண்டும். தெரியாமல் நேராக இணைத்தால் டிரைவர் எரிந்துவிடும்.

அப்புறம், இன்ஜெக்டருக்கு மின்சாரம் போனதும் அது உடனே திறந்துவிடாது. 14 வோல்ட்டில் சுமார் ஒரு மில்லிசெகண்ட் வீணாகும், வோல்ட் குறைந்தால் அந்த நேரம் கூடும். ஐடிலில் மொத்தத் திறப்பே இரண்டு மூன்று மில்லிசெகண்ட்தான். இரவில் ஹெட்லைட் போட்டதும் ஐடில் தள்ளாடுகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த நேர அட்டவணையைத்தான்.

காற்று சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சார் (முன்னே சொன்ன அட்டவணை மேப் வேறு) முழு அழுத்தத்தை அளக்கிறது, அதாவது வெளிக்காற்றையும் சேர்த்து. கடல்மட்டத்தில் அதுவே 100 கிலோபாஸ்கல். ஒரு பார் பூஸ்ட் என்றால் 200. கம்பெனி சென்சார் 100க்குச் சற்று மேலேயே நின்றுவிடும் வகையாக இருந்தால், அதற்கு மேல் இசியு குருடு. இசியுவுக்குள்ளேயே சென்சார் வருகிறதா, அது எதுவரை படிக்கும் என்று கேளுங்கள். டர்போ இல்லாத, பெரிய கேம் போட்ட என்ஜினில் கதை வேறு. ஐடிலில் வேக்குவம் ஆடிக்கொண்டே இருக்கும், அழுத்தத்தை நம்ப முடியாது. சிலிண்டருக்கு ஒரு திராட்டில் வைத்த என்ஜினிலும் இதே சிக்கல் வரும். அங்கே திராட்டில் கோணத்தை வைத்துக் கணக்கிடும் வசதியும், இரண்டையும் கலக்கும் வசதியும் வேண்டும்.

மின்சார திராட்டில் இருந்தால் ஒரு படி கூடுதல் கவனம் தேவை. பெடலில் இரண்டு சென்சார், திராட்டிலில் இரண்டு சென்சார். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் மோட்டாரின் மின்சாரத்தை இசியு வெட்ட வேண்டும். இந்தக் காவல் இல்லாத பெட்டியை மின்சார திராட்டிலோடு இணைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். புது வண்டிகளில் மீட்டர், ஏபிஎஸ், ஆட்டோ கியர்பாக்ஸ் எல்லாம் கேன் (CAN) என்ற தகவல் வயரில் என்ஜின் இசியுவின் பேச்சை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அந்தப் பேச்சு நின்றால் மீட்டர் போர்டு முழுக்க விளக்கு எரியும், ஸ்டியரிங் கூடக் கனத்துப் போகலாம்.

என்னைக் கேட்டால், காசு கொடுக்க வேண்டிய இடம் பாதுகாப்பு வசதிகள். கம்பெனியின் சாதாரண ஆக்சிஜன் சென்சார் 14.7க்கு ஒன்று என்ற கலவைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். முழு லோடில் ஓட்டுவது அதைவிடச் செறிவான கலவை. அதை அளக்க வைட்பேண்ட் சென்சார் வேண்டும், அதை நேராகப் படிக்கும் இசியு கிடைத்தால் இன்னும் நல்லது. பூஸ்டில் கலவை மெலிந்தால், ஆயில் அழுத்தம் விழுந்தால், தண்ணீர் சூடு ஏறினால், ஓட்டுகிறவர் கவனிக்கும் முன் என்ஜினை வெட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நாக் சென்சாரும் அப்படித்தான். சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர் உள்ள என்ஜினில் நாக்கிங் ஒலி 6.5 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். அந்த அலைவரிசையை மட்டும் வடிகட்டி, எந்த சிலிண்டர் என்று பிரித்துக் கேட்கிற இசியு, சத்தமான என்ஜினிலும் உண்மையைச் சொல்லும். அந்த வண்டியில் இது இருந்திருந்தால் பிஸ்டன் பிழைத்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு இரண்டு மூன்று பெட்டிகள் மிஞ்சும். அவற்றில், மேப்பை எழுதித் தரும் உங்கள் டியூனருக்குக் கைவந்தது எதுவோ அதை எடுங்கள். முடிந்தால் டியூனரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பெட்டியை அப்புறம் வாங்குங்கள். ஒரு சாஃப்ட்வேரில் வருடக்கணக்கில் பழகியவர் நடுத்தரப் பெட்டியில் எடுக்கும் மேப், புதிதாகப் பார்ப்பவர் விலை உயர்ந்த பெட்டியில் எடுக்கும் மேப்பைவிட நம்பகமாக இருக்கும். மேப்பில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவாரா, நகல் உங்களுக்குக் கிடைக்குமா என்பதையும் முன்னாடியே பேசிவிடுங்கள். சாலையில் ஓட்டும் வண்டி என்றால் உங்கள் நாட்டின் புகைச் சட்டத்தையும் பாருங்கள். ஸ்டாண்டலோன் போட்டபின் சோதனையில் தேறாத வண்டிகள் உண்டு.

வயரிங்கில் ஒன்றே ஒன்று: சென்சார் கிரவுண்டையும், காயில், இன்ஜெக்டர் கிரவுண்டையும் ஒரே இடத்தில் கலக்காதீர்கள். பெயின்டின் மேல் முறுக்கிய கிரவுண்ட் திருகு ஒன்று, மூன்று நாள் என்னைச் சுற்றவிட்டிருக்கிறது.

அந்த என்ஜின் மறுபடி கட்டப்பட்டு வந்தது, இந்த முறை பட்டியல் எழுதி வாங்கிய ஸ்டாண்டலோனோடு. ரெடிமேட் மேப்பில் உடனே ஸ்டார்ட் ஆனது, ஐடிலும் அழகாக நின்றது. சாஃப்ட்வேரில் டைமிங்கை 15 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்தேன். திரையில் 15. புல்லியின் கோடோ 27க்கு நேராக நின்றது. 12 டிகிரி கூடுதல் அட்வான்ஸ். அப்படியே பூஸ்டில் ஏற்றியிருந்தால் அதே பிஸ்டன் கதை. கோடு 15க்கு வரும் வரை, கிராங்க் பல்லுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள கோண வித்தியாசத்தைச் சொல்லும் டிரிகர் ஆஃப்செட்டை மாற்றினேன். பிறகு 4000 ஆர்பிஎம் வரை மெல்ல ஏற்றினோம். சென்சார் வயர் தலைகீழாக இருந்தால் வேகம் கூடக் கூடக் கோடு நகரும். இதில் நகரவில்லை. அவர் லைட்டை அணைத்தார், நான் மேப்பைச் சேமித்தேன், வண்டியின் திறனை அளக்கும் டைனோவில் அதை ஏற்றினோம்.