64 கோர் கேட்டால் 64 மடங்கு வேகமா? ஜாப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரமும் ஒரு மாணவி கண்கலங்கி வந்து நின்றார். பினாங்கில் ஆராய்ச்சி மாணவர்கள் பயன்படுத்தும் கிளஸ்டரை, அதாவது பல கணினிகளை இணைத்து வைத்த அமைப்பை, பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தப் பருவத்தில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவரிடம் 300 மரபணுக் கோப்புகள், ஒவ்வொன்றையும் அலச ஏறக்குறைய 20 நிமிடம். மடிக்கணினியில் ஓட்டினால் நான்கு நாளுக்கு மேல் ஆகும். மேற்பார்வையாளர் "கிளஸ்டரில் போட்டுவிடு, சீக்கிரம் முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டார். இவரும் 64 கோர் (சிபியூவுக்குள் கணக்குப் போடும் தனித்தனி அலகுகள்) கேட்டு ஜாப் போட்டார், அதாவது தன் வேலையைக் கிளஸ்டரிடம் ஒப்படைத்தார். ஒரு முழு நோட், அதாவது கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி முழுவதும், காலியாக வேண்டுமே, கியூவில் நான்கு நாள். அப்புறம் ஓடத் தொடங்கி, 72 மணி நேரக் கெடு முடிந்ததும் ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளான ஸ்லர்ம் அதை நிறுத்திவிட்டது. அதற்குள் 216 கோப்பு முடிந்திருக்கும், ஆனால் அந்த ஸ்கிரிப்ட் எல்லா முடிவையும் மெமரியில் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரே தடவையாக எழுதும்படி இருந்தது. டிஸ்க்கில் ஒரு வரிகூட இல்லை. ஏழு நாள் போயே போய்விட்டது.

"அண்ணே, 64 கோர் கேட்டும் ஏன் இவ்வளவு மெதுவா ஓடுச்சு?"

அதே ஜாபை மறுபடி ஓடவிட்டு, எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து காட்டினேன். திரையில் 64 பட்டைகள். ஒன்று மட்டும் நூறு விழுக்காடு பச்சையாக நிரம்பியிருந்தது, மற்ற 63-உம் வெறுமை. சற்று நேரத்தில் அந்தப் பச்சை வேறொரு கோருக்குத் தாவியது, அப்போதும் ஒன்றுதான். நின்றுபோன பழைய ஜாபின் கணக்கை எடுத்தால் சிபியூ பயன்பாடு 1.56 விழுக்காடு. 64-இல் ஒன்று என்றால் அவ்வளவுதானே வரும்.

கிளஸ்டர் உங்கள் நிரலைத் தானாக வேகமாக்காது. இதை வகுப்பில் சொல்கிறேன், புலனத்தில் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன். எங்கள் நோடில் இருக்கும் ஒரு கோர் உங்கள் மடிக்கணினியின் கோரைவிடச் சற்று மெதுவாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் ஒரே சிப்பில் நிறைய கோர்களை வைக்கும்போது ஒவ்வொன்றின் வேகத்தையும் குறைத்துத்தான் வைப்பார்கள். பினாங்கு பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 13.5 கிலோமீட்டர். எத்தனை தடம் இருந்தாலும் ஒரே லாரி 300 நடை அடித்தால் 300 நடைக்கான நேரம் ஆகத்தான் செய்யும். சரக்கைப் பிரித்து 60 லாரியில் ஏற்றினால்தான் தடத்துக்குப் பயன். 2022-இல் உலகின் முதல் எக்ஸாஸ்கேல் கணினி (நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குப் போடக்கூடியது) என்று அறிவிக்கப்பட்ட ஃப்ரான்டியரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோடுகள் இருக்கின்றன. இந்த மாணவியின் ஸ்கிரிப்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் ஒரே ஒரு கோர்தான் வேலை செய்யும்.

நிரல் பல கோரில் ஓடும்படி எழுதப்பட்டிருந்தாலும் எல்லை உண்டு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார்: வேலையில் 5 விழுக்காட்டைப் பிரிக்க முடியாது என்றால் எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது.

மாணவியின் வேலை பிரிப்பதற்கு மிகச் சுலபமானது, ஒரு கோப்புக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லை. அர்ரே ஜாபாக, அதாவது ஒரே ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஜாபாக ஓடும்படி, மாற்றினோம்: 1 முதல் 300 வரை, ஆளுக்கொரு கோர், ஒரே சமயத்தில் 60, ஒவ்வொன்றும் முடிந்தவுடன் தன் முடிவைத் தனிக் கோப்பில் எழுதிவிடும். ஒரு கோர் கேட்கும் ஜாபுக்குக் கியூவில் இடம் சட்டென்று கிடைக்கும். 100 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இதை மேற்பார்வையாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டும், "போட்டுவிடு" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

லாகின் நோடில், அதாவது கிளஸ்டருக்குள் நுழைந்ததும் எல்லோரும் வந்து நிற்கும் பொதுக் கணினியில், கணக்கீடு எதையும் ஓட்டாதீர்கள். ஸ்கிரிப்ட் திருத்தவும் ஜாப் போடவும் மட்டும்தான் அது. அங்கே நீங்கள் பைத்தானை முழு வேகத்தில் ஓட்டினால் மற்றவர்களுக்குத் தட்டும் எழுத்துகூட நகராது, நான் நிறுத்தத்தான் செய்வேன். மெமரியைக் குத்துமதிப்பாகக் கேட்காதீர்கள். முதலில் ஒரே ஒரு கோப்பை ஓட்டி உச்சத்தில் எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள், அதற்கு மேல் கால்வாசி சேர்த்துக் கேளுங்கள். குறைத்துக் கேட்டால் பாதியில் சாகும், அள்ளிக் கேட்டால் கியூவில் கிடக்கும். நேரமும் அப்படித்தான், இரண்டு மணி நேரம் போதும் என்று சொன்னால் பெரிய ஜாப்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஸ்லர்ம் உங்களைச் செருகிவிடும். நாள் கணக்கில் ஓடும் நிரல் என்றால் செக்பாயிண்ட் (இடையிடையே நிலையைச் சேமித்து, நின்றால் அங்கிருந்தே தொடரும் வசதி) இல்லாமல் போடவே போடாதீர்கள். ஸ்கிராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் இருப்பதற்குப் பேக்கப் கிடையாது. தீபாவளி விடுமுறை முடிந்து வந்து தேடும் பிள்ளைகளிடம் "அழிந்துவிட்டது" என்று சொல்வது எனக்கும் வலிக்கிறது. அப்புறம், கடவுச்சொல்லை யாருக்கும், லேப் நண்பருக்கும்கூட, கொடுக்க வேண்டாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதக் கூச்சப்பட்டே கேட்காமல் இருந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தமிழிலோ மலாயிலோ எழுதுங்கள் ஐயா, ஒன்றும் குறைந்துவிடாது. ஜாப் எண், ஸ்கிரிப்ட், பிழைச் செய்தி மூன்றையும் அப்படியே ஒட்டி அனுப்புங்கள், "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் நான் எங்கே போய்த் தேடுவது? ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது வராமல், முதல் ஜாபைப் போடுவதற்கு முன்பே வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம்.