வடிகாலின் அளவை முடிவு செய்வது யார்?

ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழையில் தெரு முழங்கால் அளவுத் தண்ணீரில் மூழ்கினால், முதலில் கிளம்பும் பேச்சு "வடிகால் பத்தவில்லை" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் அந்த வடிகால் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. என்றோ ஒரு நாள் உள்ளாட்சி மன்றத்தில் "இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நின்றால் பரவாயில்லை" என்று வெளிப்படையாகவோ பேசாமலோ ஒப்புக்கொண்டதன் விளைவு அது. அதற்கப்புறம் இங்கே ஒரு வாகன நிறுத்தத்துக்கு அனுமதி, அங்கே சாலைக்கு ஒரு புது அடுக்கு என்று எடுத்த சின்னச் சின்ன முடிவுகள் அந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கும்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 லட்சம் லிட்டர். 10 ஹெக்டேர் கொண்ட ஒரு குடியிருப்புப் பகுதிக்கு 50 லட்சம் லிட்டர். இதில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு தெருவுக்கு வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதுதான் மிச்சக் கதை முழுவதும்.

வடிகால் வடிவமைப்பில் இன்றும் புழங்கும் அடிப்படைச் சூத்திரம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வேனி 1850 வாக்கில் அதன் கருவை எழுதினார். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய எமில் குயிச்லிங் 1889இல் அதை நகர வடிகால்களுக்குப் பொருத்திக் காட்டினார். நிலப்பரப்பு, மழையின் தீவிரம், பெய்ததில் வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால், வடிகாலுக்கு ஒரு நொடியில் வரக்கூடிய உச்ச நீரளவு கிடைத்துவிடும். கூரை, தார்ச்சாலை, கான்கிரீட் தளம் போன்றவற்றில் வழிந்தோடும் பங்கு ஏறக்குறைய 0.9. அதாவது பத்தில் ஒன்பது பங்கு ஓடி வந்துவிடும். மணற்பாங்கான புல்தரையில் அது 0.1, 0.2 என்ற அளவில்தான் இருக்கும்.

இந்தச் சூத்திரத்தில் பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். நிலத்தைச் சிமென்டால் மூடும்போது வழிந்தோடும் பங்கு கூடும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. பகுதியின் தொலைதூர மூலையில் விழுந்த துளி வடிகால் வாய்க்கு வந்துசேர எடுக்கும் நேரம் குறைந்துவிடுகிறது. புல்லிலும் புதரிலும் பள்ளத்திலும் தயங்கித் தயங்கி வந்த தண்ணீர், வழவழப்பான தளத்தில் நேராக இறங்குகிறது. இந்த நேரம் ஏன் முக்கியம்? எந்த ஊர் மழையானாலும், குறுகிய நேரத்தில்தான் அது மிகத் தீவிரமாகப் பெய்யும். ஒரு மணி நேரச் சராசரியைவிட அரை மணி நேரச் சராசரி அதிகம், அதைவிட 10 நிமிடச் சராசரி அதிகம். தண்ணீர் வந்துசேரும் நேரம் குறையக் குறைய, கணக்கில் போட வேண்டிய மழைத் தீவிரமும் ஏறுகிறது.

10 ஹெக்டேர் பகுதியையே எடுத்துக்கொள்வோம். மரம், தோட்டம், மண் தரை என்று இருந்த காலத்தில் வழிந்தோடும் பங்கு 0.4, தண்ணீர் சேர அரை மணி நேரம், அந்த நேரத்துக்கான மழைத் தீவிரம் மணிக்கு 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 670 லிட்டர் வடிகாலுக்கு வரும். முற்றங்கள் மூடப்பட்டு, காலி மனைகள் கட்டடங்களான பிறகு பங்கு 0.7 ஆகிறது. நேரம் 15 நிமிடமாகச் சுருங்குகிறது. அதற்கான தீவிரம் 90 மில்லிமீட்டர் என்றால் நொடிக்கு 1,750 லிட்டர். மேகம் ஒன்றும் மாறவில்லை, மழை அதேதான். வடிகாலுக்கு வரும் உச்சம் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மாற்றத்துக்கு எந்த மன்றமும் ஒரே நாளில் ஒப்புதல் கொடுத்திருக்காது. ஒவ்வொரு கட்டட அனுமதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கும்.

சரி, எந்த மழைக்கு வடிகால் கட்டுவது? இங்கேதான் "5 ஆண்டு மழை", "10 ஆண்டு மழை", "100 ஆண்டு மழை" என்ற பேச்சு வருகிறது. 10 ஆண்டு மழை என்றால் ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் 10 ஆண்டுக்குக் கவலையில்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வோர் ஆண்டும் அது வர 10 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளும் வரலாம். 10 ஆண்டுகளில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 65 விழுக்காடு வாய்ப்பு. 100 ஆண்டு மழைகூட, ஒரு குடும்பம் வீட்டுக் கடனை அடைக்கும் 30 ஆண்டுகளுக்குள் வந்துவிட நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எந்த ஆண்டு மழைக்கு வடிவமைப்பது என்பதை இயற்பியல் சொல்லாது. இவ்வளவு செலவு, இவ்வளவு பாதுகாப்பு என்று மக்கள் பிரதிநிதிகள் எடுக்க வேண்டிய முடிவு அது. அந்த எண் திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் கிடக்காமல் தீர்மானத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல்: எவ்வளவு பெய்தால் அது 10 ஆண்டு மழை என்று சொல்லும் எண்கள் பழைய மழைப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். அதனால் நேற்றைய 10 ஆண்டு மழை இன்று அதைவிட அடிக்கடி வரக்கூடும்.

குழாய் விஷயத்துக்கு வருவோம். அதே 1889இல், இன்னோர் அயர்லாந்துப் பொறியாளரான ராபர்ட் மேனிங் நீரோட்ட வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். குழாயின் அகலம், சரிவு, உட்பரப்பின் சொரசொரப்பு ஆகியவற்றைக் கொண்டு, எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதை இன்றும் அதை வைத்தே கணக்கிடுகிறார்கள். அதன்படி 450 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 600 மில்லிமீட்டர் போட்டால் கொள்திறன் இரு மடங்குக்கும் மேல் ஆகும். பள்ளம் தோண்டுவதும் சாலையைத் திரும்பப் போடுவதும்தான் பெருஞ்செலவு என்பதால், ஓர் அளவு கூட்டிப் போடுவது பல நேரம் நல்ல பேரம்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. குழாயின் பாதி உயரம் வண்டல் படிந்துவிட்டால் கொள்திறன் பாதியாகும் என்றுதான் தோன்றும். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் மிஞ்சும். தண்ணீர் ஓட மிச்சமிருக்கும் இடம் பாதி. ஆனால் அந்தப் பாதி இடத்திலும் கீழே வண்டல், சுற்றிலும் குழாய்ச் சுவர் என்று உராய்வு கூடி வேகமும் இறங்கிவிடுகிறது. தூர்வாரும் ஒதுக்கீட்டை வெட்டுவது, போட்ட குழாயை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுப்பதற்குச் சமம். புதுக் குழாய்க்குத் திறப்பு விழா நடக்கும், சேறு அள்ளுவதற்கு நடக்காது. அதனால்தான் ஒதுக்கீட்டில் கை வைக்கும்போது முதலில் அடிபடுவது இந்தச் செலவு. எனக்கு ஆற்றாமை தரும் விஷயம் இது.

குழாய் பெரிதாக, சுத்தமாக இருந்தும் தெரு மூழ்குவதுண்டு. மழைக்கு நடுவே மூடியைத் திறந்தால் உள்ளே கால்வாசித் தண்ணீர்கூட ஓடாது. மேலே தெருவில் தேங்கிக் கிடக்கும். குற்றவாளி சாலையோரத்தில் தண்ணீர் இறங்கும் அந்த இரும்புக் கம்பிச் சட்டம். மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசல் குறுகலாக இருந்தால் கூட்டம் வெளியேதான் நிற்கும். காய்ந்த இலைகளும் ஒரு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து கம்பிகளின் மேல் ஒட்டிக்கொண்டால் போதும், கதை முடிந்தது. சில இடங்களில் அதுகூடத் தேவையில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது அடுக்குப் போட்டிருப்பார்கள். தண்ணீரை வடிகால் வாய்க்கு ஓட்டிக் கொண்டுபோக வேண்டிய சாலையின் குறுக்குச் சரிவு அதில் மாறிப்போயிருக்கும். உயர்ந்துவிட்ட சாலையிலிருந்து தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்கு இறங்கும். சாலை ஒரு துறை, வடிகால் ஒரு துறை என்று இருந்தால், இரண்டு கோப்புகளிலும் எல்லாம் சரியாக இருக்க, தெரு மட்டும் மூழ்கும்.

மறுமுனையில் வெளியேறும் இடம் இருக்கிறது. வடிகால் போய்ச் சேரும் ஆறோ வாய்க்காலோ கடலோ மழை நாளில் தானும் உயர்ந்து நிற்கும். அதன் நீர்மட்டம் குழாயின் வாய்க்கு மேல் போய்விட்டால் குழாய் காகிதத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் சரியாக வெளியேறாது. சில நேரம் திரும்பி உள்ளேயே வரும். ஒருவழிக் கதவு பொருத்தினால் ஆற்று நீர் உள்ளே வராமல் தடுக்கலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரம் முழுவதும் உள்ளே பெய்யும் மழையைத் தேக்கி வைக்கவோ பம்ப் வைத்து இறைக்கவோ வேறு வழி வேண்டும். அதே காரணத்தால், நடுவில் ஒரு தெருவில் மட்டும் வடிகாலை அகலப்படுத்துவது வெள்ளத்தைத் தீர்ப்பதில்லை, அடுத்த தெருவுக்கு வேகமாக அனுப்பி வைக்கிறது. வேலை கீழ்க்கோடியிலிருந்து மேலே வர வேண்டும்.

எல்லாத் தண்ணீரையும் குழாய்க்குள் திணிப்பதுதான் வழியா? டென்மார்க்கின் கோபன்ஹேகன் அந்தக் கேள்வியைக் கேட்டு வேறு பதிலுக்கு வந்தது. 2011 ஜூலை 2 அன்று அங்கே சில மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த ஆண்டே நகர மன்றம் மேகவெடிப்புத் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. 100 ஆண்டு மழையிலும் தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது என்பது இலக்கு. அதாவது, தண்ணீரே நிற்காது என்று வாக்குறுதி கொடுக்கவில்லை. எவ்வளவு நிற்கலாம், எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்கேற்பச் சில தெருக்களையே வாய்க்கால் போல வடிவமைத்தார்கள். எங்காவே பூங்காவை, பெருமழையில் 2 கோடி லிட்டருக்கும் மேல் தேக்கி வைக்கும்படி மாற்றி அமைத்தார்கள். மற்ற நாட்களில் அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

தேக்கி வைத்து மெல்ல விடுவதால் தண்ணீரின் மொத்த அளவு குறையாது, உச்சம்தான் குறையும். குழாயை மூழ்கடிப்பது உச்சம் என்பதால் அதுவே பெரிய லாபம். ஆனால் ஒவ்வொரு மனைப்பிரிவும் ஒரு குளம் வெட்ட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு விதி போட்டால் விபரீதமும் நடக்கலாம். கீழ்ப்பகுதித் தண்ணீர் வழக்கமாக முதலில் போய்விடும், மேற்பகுதித் தண்ணீர் பிறகு வரும். கீழ்ப்பகுதியில் குளம் வெட்டித் தாமதப்படுத்தினால் இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து முன்பைவிட உயரமாக எழக்கூடும். தனித்தனி மனைக்குப் பதில் முழு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

மண்ணுக்குள் இறக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உறிஞ்சும், மணல் 30க்கு மேல். கட்டுமான இயந்திரங்கள் ஏறி இறங்கி இறுகிய மண், பார்க்கப் பசும்புல்லாக இருந்தாலும் தண்ணீரை எளிதில் விடாது. நீர் ஊடுருவும் தளக்கற்கள் பதித்தால் அவற்றின் துளைகளை அடிக்கடி உறிஞ்சிச் சுத்தம் செய்யவும் ஆள் வேண்டும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் அதுவும் இன்னொரு கான்கிரீட் தளம்தான்.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது? மழைநீர் வடிகாலின் செலவைக் குடிநீர்க் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் ஊர்களில், குழாய் இணைப்பே இல்லாத ஒரு பெரிய வாகன நிறுத்தம் ஒன்றும் கட்டாமல் தப்பித்துவிடும். மழை நாளில் அதிகத் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுவது அதுதான். அமெரிக்காவின் பிலடெல்பியா 2010 முதல் வணிக மனைகளுக்கு, அவற்றின் பரப்பையும் தண்ணீர் இறங்காதபடி மூடப்பட்ட பரப்பையும் பார்த்துக் கட்டணம் போடுகிறது. மனைக்குள்ளேயே மழைநீரைப் பிடித்து வைப்பவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டு. இதன் நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. தளம் போடும்போதே உரிமையாளர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்.

உங்கள் பகுதிக்கு வடிகால் திட்டம் வந்தால் அந்தக் கோப்பில் மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள்: எத்தனை ஆண்டு மழைக்கு வடிவமைத்தார்கள், வழிந்தோடும் பங்கை எவ்வளவு என்று எடுத்துக்கொண்டார்கள், வெளியேறும் இடத்தில் பெருமழை நாளின் நீர்மட்டம் என்ன. இரண்டாவது எண் இன்றைய நிலத்துக்கானதா, இன்னும் 20 ஆண்டில் கட்டடங்கள் நிறைந்த பின் இருக்கப்போகும் நிலத்துக்கானதா என்றும் கேளுங்கள். மூன்றாவது எண் இல்லையென்றால், டெண்டர் விடும் முன் அதை அளக்கச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் போட வைக்கலாம். அடுத்த பெருமழையில் வெளியேறும் இடத்தில் ஓர் அளவுகோலை நட்டு, மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்துவைக்க ஓர் ஊழியரை நியமித்தாலே வேலை தொடங்கிவிடும்.