ஆட்-ஆன் விமானத்துக்குள் என்ன ஓடுகிறது?

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரோடு சேர்ந்து வரும் பல விமானங்களில் ஒரே விசையை அழுத்தினால் எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். ஆட்-ஆன் என்று தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் தரமான விமானத்தில் அதே வேலைக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். இரண்டும் பறப்பது ஒரே வானத்தில். படம் பிடித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் ஆட்-ஆன் வாங்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

சிமுலேட்டருக்கு எல்லாமே தெரியும். விமானம் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்பதெல்லாம் அதன் நினைவகத்தில் எண்களாகவே இருக்கின்றன. ஆட்-ஆன் எழுதுபவர்களின் கஷ்டமான வேலை, இந்த விடைகளைக் கருவிகளிடமிருந்து மறைப்பது. ஒவ்வொரு கருவிக்கும் தன் கம்பியிலும் குழாயிலும் வந்து சேர்வது மட்டுமே தெரிய வேண்டும். மெய்யான விமானத்திலும் அப்படித்தானே.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் போயிங் 737 போன்ற ஒரு ஆட்-ஆனில் மின்சுற்று முழுவதும் ஒரு வலைப்பின்னலாக எழுதப்பட்டிருக்கும். ஒரு பக்கம் பேட்டரி, வாலுக்குள் இருக்கும் ஏ.பி.யூ. என்ற சிறிய டர்பைன், இரண்டு எஞ்சின் ஜெனரேட்டர்கள். மறுபக்கம் திரைகள், பம்புகள், விளக்குகள். இரண்டுக்கும் நடுவே பஸ் எனப்படும் விநியோகத் தடங்கள். எந்த பஸ்ஸுக்கு இப்போது மின்சாரம் வருகிறது என்பதை நிரல் வினாடிக்குப் பல முறை கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். திரையை இயக்கும் பகுதி தன் பஸ்ஸில் மின்சாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஏன் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

பறக்கும்போது ஒரு ஜெனரேட்டரை அணைத்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது, இன்னொன்று இரண்டு பக்கத்தையும் தாங்கிக்கொள்ளும். இரண்டையும் அணைத்தால் துணை விமானியின் திரைகள் இருண்டுவிடும், கேப்டன் பக்கம் மட்டும் எரியும். வீட்டில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடுவதுபோல, அவசியமானவற்றை மட்டும் பேட்டரி பார்த்துக்கொள்கிறது. ‘இரண்டு ஜெனரேட்டரும் போனால் வலது திரைகளை அணை’ என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. வலைப்பின்னலைச் சரியாக எழுதினால் அது தானாக நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஐ.ஆர்.எஸ்., அதாவது விமானம் இருக்கும் இடத்தையும் திசையையும் வெளி உதவியின்றித் தானே கணக்கிடும் கருவி. தலைக்கு மேலே இருக்கும் பலகையில் இரண்டு குமிழ்களைத் திருப்புவீர்கள், கருவி தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது என்பதற்கு அடையாளமாக வெள்ளை எழுத்தில் ‘அலைன்’ விளக்கு எரியும். அப்புறம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த நேரத்தைக் குறைக்கும் வசதியை உடனே தேடுவார்கள். ஆனால் அந்த நிமிடங்களில் நடப்பது விமானத்தில் இருப்பதிலேயே அழகான இயற்பியல்.

ஐ.ஆர்.எஸ். பெட்டிக்குள் சுழற்சியை உணரும் லேசர் கைரோக்கள் இருக்கின்றன. மூடிய ஒரு பாதையில் இரண்டு லேசர் கதிர்கள் எதிரெதிராகச் சுற்றும். பெட்டி திரும்பினால் ஒரு கதிருக்குப் பாதை கொஞ்சம் நீளும், மற்றதற்குக் கொஞ்சம் குறையும். அந்த வித்தியாசத்திலிருந்து திரும்பிய வேகம் கிடைக்கும். விமானம் அசையாமல் நின்றாலும் பூமி அதைத் தூக்கிக்கொண்டு மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. இந்த மெல்லிய சுழற்சியைக் கைரோ உணர்கிறது. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் புவியீர்ப்பைப் பார்த்துச் செங்குத்து எது என்று சொல்கின்றன. இரண்டையும் சேர்த்தால் வடக்கு எது என்பது தெரிந்துவிடும், காந்த ஊசியே தேவையில்லை. பூமியின் அச்சுக்கும் செங்குத்துக்கும் உள்ள கோணத்திலிருந்து அட்சரேகையும் கிடைத்துவிடும்.

தீர்க்கரேகை மட்டும் கிடைக்காது. ஒரே அட்சரேகையில் எங்கே நின்றாலும் பூமி ஒரே மாதிரிதான் சுற்றுகிறது, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் நிற்கும் இடத்தை விமானி கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. அட்சரேகையைத் தவறாகக் கொடுத்தால் ஐ.ஆர்.எஸ். தான் அளந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, விளக்கைச் சிமிட்டி எச்சரிக்கும்.

வடக்கைக் கண்டுபிடிக்க உதவுவது பூமிச் சுழற்சியில் தரைக்கு இணையாக இருக்கும் பங்கு. 13 பாகை அட்சரேகையில் இருக்கும் சென்னையில் அது மணிக்கு 14 பாகைக்கு மேல். நார்வேயின் ட்ரோம்சோ ஏறத்தாழ 70 பாகையில் இருக்கிறது, அங்கே 5 பாகை சொச்சம்தான். துருவத்தில் பூஜ்யம். தடயம் மெலிந்தால் அதிக நேரம் கவனித்தாக வேண்டும். ஆகவே 737-இல் பூமத்திய ரேகைக்கு அருகே 5 நிமிடத்தில் முடியும் வேலை, 70 பாகைக்கு மேலே 17 நிமிடம் வரை இழுக்கும்.

ஆட்-ஆனில் லேசர் எதுவும் ஓடுவதில்லை. சரியான இடம் நிரலுக்கு முதலிலேயே தெரியும். ஆனாலும் அட்சரேகைக்கு ஏற்பக் காக்க வைக்கிறது, நடுவில் விமானம் நகர்ந்தால் மறுபடி தொடங்கச் சொல்கிறது. பறக்கத் தொடங்கிய பிறகு வேண்டுமென்றே சிறு பிழையைச் சேர்த்துக்கொண்டே போகிறது. மெய்யான ஐ.ஆர்.எஸ். மணிக்கு ஒரு கடல்மைல் அளவில் விலகும் இயல்புடையது. கவனமாகச் செய்த ஆட்-ஆனில் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஜி.பி.எஸ். காட்டும் இடமும் ஐ.ஆர்.எஸ். காட்டும் இடமும் கொஞ்சம் தள்ளியிருக்கும்.

எஞ்சினிலும் இதே கதைதான். 737-800இன் சி.எஃப்.எம். எஞ்சினை முதலில் சுற்றிவிடுவது ஏ.பி.யூ. அனுப்பும் அழுத்தக் காற்று. ஏ.சி.க்குப் போகும் காற்றை நிறுத்த மறந்தால் அழுத்தம் பங்கு போய்விடும், சுழற்சி மந்தமாக ஏறும். உள் சுழலியின் வேகம் 25 சதவீதத்தைத் தொட்டதும் எரிபொருள் நெம்புகோலை உயர்த்த வேண்டும். அவசரப்பட்டு முன்பே உயர்த்தினால் எரிபொருளைத் தணிக்கப் போதுமான காற்று இல்லாமல் வெப்பநிலை 725 பாகை செல்சியஸ் வரம்பை நோக்கி ஓடும். நிலைமை கைமீறினால் எஞ்சின் கம்ப்யூட்டரே எரிபொருளை நிறுத்திவிடும். நல்ல ஆட்-ஆனில் இது பதிவு செய்து ஓட்டும் காட்சி கிடையாது. காற்று எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, வெப்பநிலை எவ்வளவு வருகிறதோ அதுதான் முள்ளில் தெரியும்.

பறக்கும் விதத்தைப் பொறுத்தவரை அடித்தளம் பெரும்பாலும் சிமுலேட்டரிடமிருந்து வருகிறது. ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று தரும் விசையைக் கணக்கிட்டுக் கூட்டுகிறது. பழைய சிமுலேட்டர்கள் முழு விமானத்துக்கும் சேர்த்து அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டன.

ஏர்பஸ் ஏ320இல் இன்னும் ஒரு அடுக்கு உண்டு. விமானி கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் போகும் பாதையை அப்படியே பிடித்துக்கொள்ளும். இது தரையிறங்கும்போது சிக்கல், ஏனென்றால் கடைசியில் மூக்கைத் தூக்கித்தான் விமானிகளுக்குப் பழக்கம். அதனால் 50 அடியில் கம்ப்யூட்டர் மூக்கின் கோணத்தைக் குறித்துக்கொள்கிறது. 30 அடிக்குக் கீழே மெல்ல மூக்கைத் தாழ்த்தத் தொடங்கி, 8 வினாடியில் கிடைமட்டத்துக்கு 2 பாகை கீழே கொண்டுபோகப் பார்க்கும். விமானி இயல்பாக ஸ்டிக்கை இழுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ரேடியோ உயரமானி சொல்லும் உயரத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் இதைச் செய்கிறது, கீழே ஓடுபாதை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் பறப்பவர்களுக்கு ஏ320 பொருத்தம் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் மெய்யான ஸ்டிக்கிலும் ஸ்பிரிங்தான் இருக்கிறது, காற்றின் அழுத்தம் கைக்கு வருவதில்லை. சாதாரண ஜாய்ஸ்டிக்கிலும் அதே நிலைதான். 737இன் யோக் எனப்படும் கைப்பிடிச் சக்கரம் வேகம் கூடக்கூடக் கனக்கும், அந்த உணர்வைச் சாதாரண ஜாய்ஸ்டிக் தராது. உடலை இருக்கையில் அழுத்தும் விசையை எந்த வீட்டுச் சிமுலேட்டரும் தராது.

காசு செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருந்தால் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் என்ற ஏ320 ஆட்-ஆனை எடுத்துக்கொள்ளலாம். 2020 முதல் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி வருவது, இலவசம். அமைப்புகளில் ஐ.ஆர்.எஸ். நேரத்தை ‘நிஜ நேரம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் முழுவதும், நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. மின்சுற்று, ஹைட்ராலிக் பகுதிகள் ரஸ்ட் என்ற நிரல் மொழியில் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மின்சுற்றுப் பகுதியில் தொடங்கலாம், எந்த பஸ் எதற்கு மின்சாரம் தருகிறது என்பதை வரி வரியாகப் படித்துவிட்டு அதே ஸ்விட்சைக் காக்பிட்டில் போட்டுப் பார்க்கலாம்.