அந்த 'லைம்' எலுமிச்சை இல்லை

ஹூஸ்டனில் இருக்கும் வாசகி ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். மெக்சிகோக்காரர்கள் நடத்தும் மளிகைக் கடையில் வாங்கிய மாவுப் பொட்டலம். பின்பக்கத்தில் மக்காச்சோளம், அதையடுத்து 'லைம்' என்று போட்டிருக்கிறது. "ரொட்டி மாவில் எலுமிச்சை எதற்கு சார்? நாக்கில் வைத்துப் பார்த்தேன், புளிக்கவே இல்லை. இந்தியக் கடை மக்காச்சோள மாவில் தட்டினால் ஓரமெல்லாம் வெடித்துப் பிய்ந்துபோகிறது. இதில் தட்டினால் கைக்குட்டை மாதிரி மடிகிறது. அந்த எலுமிச்சைதான் காரணமா?"

காரணம் அந்த 'லைம்'தான். ஆனால் அது எலுமிச்சை இல்லை, சுண்ணாம்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. அந்தக் கடையிலேயே தேடிப் பார்த்தால் அது வெள்ளைப் பொடியாகத் தனியாகவும் கிடைக்கும். ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயர் 'கால்'. கடைக்காரரிடம் கால் கிலோ கால் கேட்டு வாங்கலாம்.

மாவு மட்டுமில்லை. துணியில் சுற்றிச் சூடாக வைத்திருக்கும் டோர்ட்டியா என்ற சோள ரொட்டி, தமாலே, பொசோலே சூப்புக்கென்று டின்னில் அடைத்த மக்காச்சோளம் (முத்து ஒவ்வொன்றும் ஊதிப் பருத்திருக்கும்) எல்லாமே சுண்ணாம்பில் வெந்த பிள்ளைகள்தான். இந்தப் பக்குவத்துக்கு நிக்ஸ்டமலைசேஷன் என்று பெயர். பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில் 'நெக்ஸ்ட்லி' என்றால் சாம்பல், 'தமால்லி' என்றால் அவித்த சோள உருண்டை. சுண்ணாம்புக்குப் பதில் விறகுச் சாம்பலையும் போட்டு அவித்திருக்கிறார்கள். இரண்டும் அமிலத்துக்கு எதிரான காரம்தானே. மத்திய அமெரிக்காவில் இது 3,000 ஆண்டுகளாவது பழைய கைவேலை.

செய்முறை சுருக்கம். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும். காலையில் தண்ணீர் மஞ்சளாகக் கொழகொழவென்று இருக்கும். சோளத்தைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால், ஊறவைத்த பாதாம் மாதிரி, தோல் வழுக்கிக் கழன்றுவிடும். கழுவி, ஈரத்தோடு அரைத்தால் மாவு.

சரி, தோல் ஏன் கழல்கிறது? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

சோள முத்தின் தோல் சாதாரணத் தோல் இல்லை. ஹெமிசெல்லுலோஸ் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் பின்னிப் பிணைந்த பாய் அது. சங்கிலிக்குச் சங்கிலி ஃபெரூலிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறு கொக்கி போட்டிருக்கும். கொக்கியும் சங்கிலியும் சேருமிடம் ஓர் எஸ்டர் பிணைப்பு. எஸ்டர் என்றால் ப்ளஸ் டூ வேதியியல் நினைவுக்கு வரவேண்டும்: எண்ணெயில் காஸ்டிக் சோடா ஊற்றினால் சோப்பு கிடைக்கும், இல்லையா? அங்கே வெட்டுப்படுவதும் எஸ்டர் பிணைப்புதான். வெறும் வெந்நீருக்கு அது லேசில் மசியாது. கார நீரில் உள்ள ஹைட்ராக்சைடு அயனி கத்தரிக்கோல் மாதிரி வெட்டிப்போட்டுவிடும். கொக்கிகள் போனதும் பாய் பிரிந்து கூழாகிவிடுகிறது. காலையில் பார்த்த கொழகொழப்பு அதுதான்.

சோளத்தில் நியாசின், அதாவது பி3 வைட்டமின், போதுமான அளவு இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக் கிடக்கிறது. எதால் ஒட்டியிருக்கிறது தெரியுமா? எஸ்டர் பிணைப்பால். நம் குடலிலுள்ள நொதிகளால் அதை வெட்ட முடியாது. வெறுமனே அவித்தாலும் சுட்டாலும் பயனில்லை, வைட்டமின் வந்த வழியே வெளியே போய்விடும். சுண்ணாம்பில் வேகவைத்தால் தோலை வெட்டிய அதே கத்தரிக்கோல் போகிற போக்கில் வைட்டமினையும் அவிழ்த்து விடுகிறது. அம்மியில் அரைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தோலை நீக்கினார்கள், பி3 இனாமாக வந்தது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கால்சியத்துக்கும் வேலை உண்டு. அதற்கு இரண்டு மின்னூட்டம், அதாவது இரண்டு கை. மிச்சமிருக்கும் பெக்டின் என்ற பசைச் சங்கிலிகள் இரண்டை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொள்ளும். ஆக்ரா பேட்டா என்ற மிட்டாய்க்குப் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பது இதற்காகத்தான், பாகில் கொதித்தாலும் கரையாமல் விறைப்பாக நிற்கும். இங்கே வாசகியின் கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது. கோதுமை மாவைப் பிய்யாமல் பிடித்துவைக்கும் குளூட்டன் என்ற புரதம் சோளத்தில் கிடையாது. பச்சை மாவில் தண்ணீர் விட்டால் ஈர மணல்தான். பஞ்சாபில் மக்கி ரொட்டிக்கு வெந்நீர் விட்டுப் பிசைவார்கள், நாம் கொழுக்கட்டைக்குக் கொதிநீர் விடுகிற மாதிரி. ஸ்டார்ச் கொஞ்சம் வெந்து பசையாகும், அவ்வளவே. சுண்ணாம்புச் சோளத்தில் பாதி வெந்த ஸ்டார்ச், கரைந்த தோலின் பசை, கால்சியத்தின் பிடி எல்லாம் சேர்ந்து குளூட்டன் வேலையைப் பார்க்கின்றன. பொட்டல மாவு இதையெல்லாம் முடித்து உலர்த்திப் பொடித்தது என்பதால் சாதாரணத் தண்ணீரே போதும்.

1492க்குப் பிறகு சோளம் கப்பலேறி ஐரோப்பா போனது. பக்குவம் கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி பேதலித்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் இந்த நோயைப் பதிவு செய்தார். இத்தாலியில் அதற்கு பெல்லாக்ரா என்று பெயர் வந்தது, 'சொரசொரத்த தோல்'. கெட்டுப்போன சோளத்தின் நஞ்சு என்றார்கள், தொற்றுநோய் என்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இது கொத்துக்கொத்தாக ஆளைக் கொன்றது. 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர், இது சாப்பாட்டுக் குறை என்றார். யாரும் நம்பவில்லை. தொற்று இல்லை என்று நிரூபிக்க 1916இல் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார், மலத்தையும் தோல் செதிலையும் மாவில் உருட்டி விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அவர் 1929இல் இறந்தார். நிக்கோடினிக் அமிலம், அதாவது நாம் பார்த்த அதே நியாசின்தான் மருந்து என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஜெம் காட்டியது 1937இல்.

நம் பக்கமும் கதை உண்டு. தக்காணத்தில் வெள்ளைச் சோளம் (மக்காச்சோளம் இல்லை, ஜோவார்) தின்று வாழ்ந்தவர்களிடம் பெல்லாக்ரா இருந்ததை ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். லூசின் என்ற அமினோ அமிலம் அதிகமாவதே காரணம் என்று 1960இல் எழுதினார். அது முழுக் காரணமா என்பதில் இன்றும் சச்சரவு உண்டு. ஏழையின் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்கும் ஆராய்ச்சிக்கு ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது கிடைக்கலாம். காசு அப்புறம்.

"பார்த்தீர்களா, முன்னோர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது" என்று இதை யாராவது வாட்ஸாப்பில் சுற்றவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பில் சோளம் அவித்த அந்தக் காலத்துப் பெண்களுக்கு வைட்டமின் தெரியாது. தோல் கழல்வதும், ரொட்டி பிய்யாததும், வாசனையும் தெரியும். அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்துக்கு அதுவே போதும்.

அந்த வாசனைகூடச் சுண்ணாம்பின் வேலைதான். ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் காரத்தில் சிதைந்து 2-அமினோஅசிட்டோஃபீனோன் என்ற பொருள் உண்டாகிறது. வெறும் சோள மாவில் வராத அந்த மண்ணும் தானியமும் கலந்த மணம் அதுதான். டோர்ட்டியா சுடும் கடைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறும்.

வீட்டில் செய்து பார்ப்பதாக இருந்தால் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு கூடாது, உண்பதற்கென்று விற்பதை வாங்குங்கள். நான் முதல் தடவை செய்தபோது இரண்டே அலசலோடு நிறுத்திவிட்டேன். ரொட்டி பூரி மாதிரி உப்பி வந்தது, பெருமையாக எல்லோருக்கும் பரிமாறினேன். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துபோகுமே, வீட்டில் நான்கு பேருக்கும் அதே கதி.