ஹைட்ரோலிக் பில்டரும் மலைப் பாதையில் பிடிக்க வேண்டிய பிரேக்கும்

சிறிய ரக உழவு இயந்திரத்தில், ஒயில் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் பின் லிஃப்ட் தயங்கித் தயங்கித் தூக்கினால், எங்கள் பக்கத்து விவசாயிகள் முதலில் சந்தேகப்படுவது பம்பைத்தான். நுவரெலியா மலையில் கந்தப்பளை, ராகலைப் பக்கமிருந்து கராஜுக்கு வரும் இயந்திரங்களில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது அந்த ஒயிலை வடிகட்டும் ஹைட்ரோலிக் பில்டரை. பம்பின் விலையோடு ஒப்பிட்டால் பில்டருக்குப் போகும் காசு சொற்பம். ஆனாலும் பணத்தை மிச்சப்படுத்தச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பில்டரில் ஓட்டுநரின் உயிரும் இருக்கிறது.

பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் ஹைட்ரோலிக்குக்கென்று தனித் தொட்டி கிடையாது. கியர்ப் பெட்டியில் நிற்கும் ஒயிலையே பம்ப் உறிஞ்சி லிஃப்டுக்கு அனுப்புகிறது. சில மாதிரிகளில் ஸ்டியரிங்குக்கும் அதுவே போகிறது. பின் அச்சுக்குள் இருக்கும் பிரேக் தட்டுகள் மூழ்கிக் கிடப்பதும் அதே ஒயிலில்தான். உருளைக்கிழங்கு மூட்டைகள் ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கால் மிதிக்கும் பிரேக் அந்த ஒயிலை நம்பியே பிடிக்கிறது. இது தெரியாமல், "லிஃப்டுக்குத்தானே" என்று கையில் கிடைத்த எஞ்சின் ஒயிலை ஊற்றி அளவைச் சரிசெய்கிறார்கள். ஒயிலில் மூழ்கிய பிரேக்குக்கென்று தயாரிக்கப்படும் ஒயிலில் உராய்வைச் சீராக வைத்திருக்கும் சேர்மானம் உண்டு. அது இல்லாவிட்டால் பிரேக் அலறும், பிடிப்பு ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது, தட்டுகளும் சீக்கிரம் தேயும். சமவெளியில் இது ஒரு தொல்லை, இங்கே பள்ளம்.

எங்கள் காலநிலை இதற்கு மேலும் ஒரு பகையைச் சேர்க்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். பகல் முழுவதும் வேலை செய்து சூடான கியர்ப் பெட்டி இரவில் குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாக ஈரமான மூடுபனிக் காற்றை இழுக்கிறது. அந்த ஈரம் உள்சுவரில் நீராகி ஒயிலில் இறங்குகிறது. கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழை நீரும், சேற்றைக் கழுவப் பீய்ச்சும் தண்ணீரும் நேராக உள்ளே போகும். அளவுக் கோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பில்டரின் காகித மடிப்புகள் நீரில் ஊதி அடைத்துக்கொள்ளும். பம்புக்குப் போதிய ஒயில் போகாமல் அது ஊளையிடும்.

குளிர் காலையில் ஒயில் தடித்திருப்பதாலும் சற்று நேரம் அந்தச் சத்தம் வரலாம். எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, சூடேறிய பிறகும் ஊளை நிற்காவிட்டால் பில்டரைப் பாருங்கள். பால் நிறமான ஒயிலோடு பில்டரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. முழு ஒயிலையும் வடித்து, தண்ணீர் புகுந்த வழியை அடைத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.

புதிய இயந்திரத்துக்கு முதல் மாற்றம் மிக முக்கியம். பல கைநூல்கள் அதை முதல் 50 மணித்தியாலத்தில் செய்யச் சொல்கின்றன. கியர்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில் உதிரும் இரும்புத் துகள் அப்போதுதான் அதிகம். அதன் பிறகு மாதிரியைப் பொறுத்து 200 முதல் 400 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும். நம் ஈரத்துக்கும் தூசிக்கும் கைநூல் சொல்லும் எல்லைக்கு முன்பே மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த இயந்திரமானால் மணி காட்டும் மானியை நம்பி இருக்காதீர்கள். வாங்கியவுடன் ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிட்டு, அன்றிலிருந்து கணக்கு வையுங்கள்.

கடையில் பில்டர் வாங்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. மரை பொருந்துகிறது, உயரமும் சரி என்று எஞ்சின் ஒயில் பில்டரைத் தந்துவிடுவார்கள். அது பொருந்தும், கசியாது, இரண்டு நாள் வேலையும் செய்யும். ஆனால் பல சிறிய இயந்திரங்களில் ஹைட்ரோலிக் பில்டர் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பாதையில் இருக்கிறது. அங்கே ஒயில் தடையின்றிப் போக வேண்டும். வேறு வேலைக்குச் செய்த பில்டர் அதைத் தடுத்தால் பம்ப் பட்டினியில் தேயும். பழைய பில்டரைப் பார்த்து ஒத்துவாங்காமல், கைநூலிலுள்ள பாக இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பெடலை மிதித்தே வேகம் கூட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகையில் இரண்டு பில்டர்கள் இருக்கலாம், இரண்டையும் கேளுங்கள்.

மாற்றும் இடம் சமதளமாக இருக்கட்டும். தோட்டத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பது கஷ்டம்தான், அதனால் வீதியோரத்துக்காவது கொண்டுவாருங்கள். சரிவில் அளவுக் கோல் பொய் சொல்லும். ரொட்டவேட்டரையோ கலப்பையையோ முழுதாகத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கீழே குனிய வேண்டும். தூக்கிய கருவியின் அடியில் யாரும் போகக் கூடாது. பில்டரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். திறந்த துளைக்குள் விழும் ஒரு சிட்டிகை மண் புதிய பில்டரையே வீணாக்கும். பழைய ரப்பர் வளையம் அடித்தளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை இறுக்கினால், வளையம் சரியாக அடைக்காமல் ஒயில் வெளியே கசியும். புதிய வளையத்தில் சிறிது ஒயில் பூசி, தொட்டு நிற்கும் வரை கையால் சுற்றி, பிறகு பில்டரிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டாம்.

பழையதை உடனே எறியாதீர்கள். வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மிக நுண்ணிய சாம்பல் நிறத் தூள் வழக்கமானது. கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் என்றால் உள்ளே ஏதோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் நிறத் துகள்கள் புஷ் போன்ற வெண்கல உறுப்புத் தேய்வதைக் காட்டும். சில மாதிரிகளில் பில்டரோடு ஒரு காந்தம் வரும், அதைத் துடைத்துத் திரும்பப் பொருத்த மறக்கக் கூடாது.

அடுத்துச் சொல்வதை ஓட்டுநர்களுக்கு வாசித்தே காட்டுங்கள். லிஃப்ட் வேலை செய்யும்போது பாதையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தல் அளவுக்கு ஏறும். ஹோசில் ஊசித் துளை அளவு கசிவு இருந்தால், வெளிவரும் ஒயில் கண்ணுக்குத் தெரியாமலே தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்திய அடையாளம் மட்டும், ஆரம்பத்தில் வலியும் குறைவு. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையோ கையையோ இழந்தவர்கள் உண்டு. கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடியுங்கள், ஒருபோதும் கையை வைக்காதீர்கள். குத்திவிட்டால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல், அந்த மணித்தியாலமே சத்திர சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போய், "அழுத்தத்தில் ஒயில் உள்ளே போயிருக்கிறது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். காயத்தைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் என்பதால் அந்த வாக்கியம் அவசியம்.

வடித்த ஒயிலைக் கானில் ஊற்றும் பழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. நானுஓயா கொத்மலை ஓயாவில் சேர்கிறது, கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. நாம் இருப்பது நதிகளின் தலையில். இங்கே ஊற்றுவதைக் கீழே யாரோ குடிக்கிறார்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

புதியது பொருத்திய பிறகு எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். கருவியை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவைப் பாருங்கள். அது குறைந்திருக்கும், நிரப்புங்கள். மானியின் எண்ணையும் தேதியையும் பெயின்ட் பேனாவால் பில்டரின் மேலேயே எழுதிவிடுங்கள். முதல் நாள் வேலை முடிந்ததும் அடியில் ஈரம் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, மறுநாள் வயலுக்கு இறக்கலாம்.